நகக்கண்ணில் இருந்த கறுப்பு

பல வருஷத்துக்கு முன், அந்தப் புதன்கிழமை திருவள்ளூர் உழவர் சந்தையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். பக்கத்துக் கடை அஞ்சலையக்கா. சந்தை ஆபீசர். எங்கள் கம்பெனி மேனேஜர். அவருக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு டிரைவர் முனுசாமி. ஆறாவது என் பெண்டாட்டி சரோஜா. அவள் மட்டும் அட்டையில், போட்டோவாக.

போன வாரம் ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொன்னார்கள். மெஷின் எடுக்கவில்லை. வேறு விரல் வை என்றாள் அங்கிருந்த பெண். வைத்தேன். துடைத்துவிட்டு வை என்றாள். துடைத்து வைத்தேன். "உங்களுக்கு ரேகையே இல்ல தாத்தா" என்றாள். இருந்தது அம்மா, காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தேய்ந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வருவது எனக்குப் பழக்கம்.

அந்த எஸ்டேட்டில் லேத் ஓட்டினேன். வார்ப்பிரும்பைக் கடைந்தால் மாவு மாதிரி கறுப்புத் தூள் பறக்கும். எண்ணெயோடு சேர்ந்து நகக்கண்ணில் போய் உட்காரும். மண்ணெண்ணெய், மரத்தூள், துணி சோப்பு, எதற்கும் போகாது. பிசைந்த சோற்றிலும் அந்த வாசனைதான். சரோஜா எனக்கென்று ஒரு ஸ்பூன் வாங்கி வந்தாள். ஸ்பூனால் தின்றால் தின்ற மாதிரியே இல்லை. அது ஊறுகாய் ஜாடிக்குப் போய்விட்டது.

அவளுக்கு அப்பன் வீட்டு வழியில் அரை ஏக்கர் கொல்லி உண்டு. கத்திரி போட்டிருந்தாள். சந்தையில் கடை போட விவசாயி என்று அட்டை வேண்டும். மணியக்காரர், வேளாண்மை ஆபீஸ் என்று அவளே நடந்தாள். போட்டோவில் சிரிக்கிறாய், செல்லாது என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். சிரிக்காமல் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். அட்டை வந்ததும் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் நாலு வருஷமாகக் காண்ட்ராக்டில் வேலை செய்தும் எனக்கு ஒரு அட்டை கிடையாது. அவளுக்கு இருந்தது.

சிக்குன்குனியா வந்த வருஷம் அது. ஊரே நொண்டியது. சரோஜாவுக்கு விரல் மடங்கவில்லை. பறிக்காமல் விட்டால் காய் முற்றிவிடும். கடை போடாமல் விட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தாள். நான் சூப்பர்வைசரிடம் எனக்கும் சிக்குன்குனியா என்றேன். அந்த வருஷம் அதற்கு டாக்டர் சீட்டு யாரும் கேட்கவில்லை. ஒரு காலை நொண்டிக் காட்டினால் போதும். நான் இரண்டு காலையும் நொண்டினேன். பொய் லீவு என்று தெரிந்தால் காண்ட்ராக்ட் ஆளை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள்.

அவள் கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி இருக்கும். மேனேஜர் வந்தார். திங்கட்கிழமை தோறும் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தி, நேரத்தின் அருமையைப் பேசுகிற மனுஷன். டீக்குப் போய் ஐந்து நிமிஷம் கூடிவிட்டால் எல்லார் முன்னாலும் பெயரைக் கேட்டு எழுதுவார். அவர்தான் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டில் கொடுத்த சீட்டைப் பார்த்துப் பார்த்து, முருங்கைக்காயை முறுக்கிச் சோதித்துக்கொண்டு வந்தார்.

நான் துண்டைத் தலையில் போட்டுக் குனிந்தேன். முனுசாமி பார்த்துவிட்டான். தினமும் கேன்டீனில் என் எதிரில் தின்கிறவன். சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

மேனேஜர் என் கத்திரிக்காயைக் கட்டை விரலால் அமுக்கினார். ஒன்று, இன்னொன்று.

"அமுக்காதே சார். அதுக்கும் சிக்குன்குனியா" என்றாள் அஞ்சலையக்கா.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என்ன விலை?" என்றார்.

"போர்டுல கீது சார்" என்றாள் அவளே.

"போர்டு கிடக்கட்டும். நீ என்னய்யா விலைக்குத் தருவே?"

குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று நான் பேசாமல் போர்டைக் கையால் காட்டினேன். அதுதான் தப்பு. அவர் போர்டைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தார்.

"கையைக் காட்டு."

நாலு வருஷமாக அவர் சொன்னதைச் செய்த பழக்கம். இரண்டு கையையும் நீட்டினேன்.

"ஹலோ ஆபீசர், இங்க வாங்க. இது விவசாயி கையா? ஒர்க்‌ஷாப் கை. கோயம்பேட்டுல மூட்டை வாங்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கான். இப்படித்தான் சந்தை நடத்துறீங்களா?"

அவர் முகத்தையே பார்த்தேன். இதோ தெரிந்துகொள்வார் என்று நினைத்தேன். என் மூன்றாம் நம்பர் லேத் நின்றால், ரூமுக்குள் இருந்தபடியே சத்தத்தில் தெரிந்துகொண்டு வெளியே வருகிறவர். மெஷினின் தொண்டை அவருக்குத் தெரியும். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மூஞ்சி இருந்தது தெரியாது.

ஆபீசர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "பொம்பள போட்டோ இருக்கே."

"ஊட்டுக்காரி சார். ஒடம்பு முடியல" என்றேன், குரலை மாற்றி.

இதெல்லாம் ஆபீசருக்கே தெரியும். பாதிக் கடையில் புருஷன்தான் உட்கார்ந்திருப்பான், யாரும் கேட்பதில்லை. ஆனால் வெளியே கார் நின்றது. மேனேஜர் இங்கிலீஷில் வேறு ஏதோ சொன்னார். ஆபீசர் என்னிடம் திரும்பினார். "நீ இன்னா வேலை செய்றே? இந்தக் கறுப்பு ஏது?"

"அவுங்களுது சொந்தக் கொல்லி சார், நானே பாத்துகீறேன். அவுரு அத்தோட கம்பெ…"

அஞ்சலையக்காவின் காலை மிதித்தேன். "அய்யோ என் காலு!" என்று மீதியை விழுங்கிவிட்டாள்.

ஆபீசர் காத்திருந்தார். சார், இது உங்கள் மெஷின் கறுப்பு என்று மேனேஜரைப் பார்த்து ஒரு வார்த்தை போதும். சொன்னால் அட்டை இருக்கும், வேலை இருக்காது. சொல்லவில்லை. வேலை நேரத்தில் நீ இங்கே எப்படி என்று நானும் அவரைக் கேட்டிருக்கலாம். அது வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில்தான் தோன்றியது. என் மூளைக்கு அவ்வளவுதான் வேகம். வண்டி நோட்டில் அன்றைக்குப் பேங்க் வேலை என்று மேனேஜர் எழுதச் சொன்னாராம். முனுசாமி பிறகு சொன்னான்.

விசாரணை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள் என்று ஆபீசர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டார். மேனேஜர் போகும்போது என் குவியலிலேயே ஒரு கிலோ போடச் சொன்னார். கள்ள வியாபாரியின் காய்தான். ஆனால் பிஞ்சு.

"வாயத் தொறந்தா முத்து உதுந்துருமா?" என்றாள் சரோஜா, வீட்டில் நடந்ததைச் சொன்னதும்.

"வேலை போயிடும்" என்றேன்.

"அப்போ என்னுது வேலை இல்லியா?"

விரல் மடங்க ஆரம்பித்ததும் அவளே சந்தை ஆபீசுக்கு நடந்தாள். இன்று வா, நாளை வா. புதிதாக எழுதிக் கொடு என்றார்கள். போட்டோ வேறு கேட்டார்கள். அதோடு விட்டுவிட்டாள்.

லீவு முடிந்து போன அன்று மேனேஜர் என் லேத்துக்குப் பக்கத்தில் நின்றார். என் கையைப் பார்த்தார். "கிளவுஸ் போடுய்யா, ஆடிட் வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்த்து அவர் நேராகப் பேசியது அந்த இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் கையோடுதான் பேசினார்.

இப்போது அந்தக் கொல்லியில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். அஞ்சலையக்கா இல்லை. கம்பெனி ஷெட்டில் தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறது. கை சுத்தமாகிவிட்டது. நகக்கண்ணில் கறுப்பு இல்லை, விரலில் ரேகை இல்லை. சரோஜாவின் அட்டையைக் கொடுத்து நான் காப்பாற்றிய வேலை, கம்பெனியை மூடும் வரை இருந்தது.

ஏழு மாதம்.