மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் புறப்பட்டது

இதை எழுதுவதற்கு முதலில் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைச் சிட்டைகளும், மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் பாடசாலைக்கு அனுப்பிய விடுமுறைக் கடிதங்களும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். கொரோனாக் காலத்தில் எங்கள் ஊரிலேயே இறந்த தங்கள் ஆளின் ஜனாஸா முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்காத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் எழுதாமல் இருக்கும்போது நான் எழுதுவது சரியா என்று பல நாள் யோசித்தேன். என்னுடையது ஒரு பயணத்தின் கதை மட்டும்தான்.

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். பிள்ளைப்பேறும் அந்த வீட்டில்தான், தாயின் பார்வையில்தான். எங்கள் மகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்தோம். ஆனால் மருமகனுக்கு வளைகுடாவில் வேலை. அவர் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். ஏழாம் மாதத்தில் அவள் ஊருக்கு வந்துவிடுவாள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் நோய் மறுபடியும் பெருகிவிட்டது. வருகிறவர்களுக்கு விமானத்தில் இடம் இல்லை. வந்தாலும் ஹோட்டலில் அடைபட்டிருக்க வேண்டும். அங்குள்ள டொக்டர், இந்த நிலையில் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதனால் நான் போக வேண்டும் என்று ஆயிற்று. விமானத்தை நான் வானத்தில்தான் பார்த்திருக்கிறேன். மகள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உம்மா, புள்ள கிடைக்கக்குள்ள நீங்க பக்கத்தில இரிக்கணும். வேற ஒண்டும் எனக்கு வேணாம்."

"ஓம், வாறன்" என்றேன். அப்போது எனக்குப் பயணத்துக்கான சட்டதிட்டங்கள் ஒன்றும் தெரியாது.

அவற்றை எனக்குச் சொல்லித் தந்தவர் மருமகன். இதிலும் ஒரு கூச்சம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்து அதிகம் கதைப்பதில்லை. அவர் வீட்டில் இருந்த நாட்களில் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு நான் குசினிக்குள் போய்விடுவேன். ஏதாவது கேட்பதென்றால் மகள் மூலமாகத்தான் கேட்பேன். அந்த மனிதரின் குரல் இப்போது என் போனுக்குள் நாளாந்தம் வந்து விழத் தொடங்கியது. "மாமி, இண்டைக்கு ஒண்டு மாறியிரிக்கி" என்றுதான் தொடங்குவார். நாடுகளுக்கு நிறம் பிரித்திருந்தார்கள். எங்கள் நாடு சிவப்பு. எங்கள் ஊரில் போட்டது சீனத் தடுப்பூசி. அந்த நாட்டில் அதை முழுதாக ஏற்கவில்லை, ஊசி வேலை செய்திருக்கிறது என்று இரத்தம் எடுத்துத் தனியாகக் காட்ட வேண்டும். இரண்டாவது ஊசி போட்டு இத்தனை நாள் கழிந்திருக்க வேண்டும். விமானத்துக்கு முன்னால், எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் எடுத்த பிசிஆர் வேண்டும். அதையும் கொழும்பில் அவர்கள் சொல்லும் இடத்தில்தான் எடுக்க வேண்டும். போய் இறங்கினால் ஒரு ஹோட்டல் அறையில் நாட்கணக்கில் தனியாக இருந்துவிட்டுத்தான் மகளிடம் போகலாம். பிள்ளைக்கு டொக்டர் சொன்ன நாள் அதற்கும் பிறகு என்பதால், கணக்கு எப்படியோ சரியாக வந்தது.

நான் அந்தக் குரல் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். விளங்காத இடத்தில் மறுபடியும் கேட்பேன். திருப்பிக் கேள்வி கேட்கக் கூச்சம். இரண்டு தரம் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்தோம். இரண்டு தரமும் புறப்படுவதற்கு முன்னால் ஏதோ ஒன்று மாறியது. மூன்றாம் தரம் பெட்டியைக் கட்டிவிட்டுப் பூட்டு மட்டும் போடாமல் வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அந்த நாட்களில் பரிசோதனை என்றாலே பயம். நோய்க்குப் பயந்ததைவிட, மவுத்தானால் உடம்பை எரித்துவிடுவார்கள் என்றுதான் பயந்தார்கள். ஓட்டமாவடிப் பக்கம் மட்டும் அடக்கலாம் என்று அரசாங்கம் விட்ட பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. தும்மல் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தும்மினார்கள். மூக்குக்குள் குச்சி விடக் காசு கட்டிக் கொழும்புக்குப் போகிறவள் என்று என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் சரக்கு வறுத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு மல்லி, மிளகு, சீரகம், திப்பிலி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்து வைத்துக்கொண்டு, உள்ளிப் பூண்டும் மீனும் போட்டுக் கறி ஆக்கிக் கொடுப்போம். வயிற்றுப் புண் ஆறவும் பால் ஊறவும் அதுதான். தூள் செய்து கடையில் பக்கெற்றில் விற்கிறார்கள். ஆனால் மகளின் தலைப்பிள்ளைக்குத் தாய் தன் கையால் வறுக்காமல் கடையில் வாங்கிக்கொண்டு போனாள் என்று சொல்லும்படி எங்கள் ஊரில் எவரும் நடக்கமாட்டார்கள். முந்தியே வறுத்து வைத்தால் மணம் போய்விடும். அதனால்தான் கடைசி நாளில் வைத்துக்கொண்டேன். மழை இருட்டாக இருந்ததால் குசினி யன்னலையும் சாத்தியிருந்தேன்.

மிளகு சட்டியில் வெடிக்கத் தொடங்கியதும் புகை தொண்டையில் பிடித்தது. பக்கத்து வளவிலிருந்து மதினி வந்தார். அவர் என் கணவரின் மூத்த சகோதரி.

"என்னகா இது, ஊருக்கே கொரோனா மருந்து அடிக்கிறியா?"

"சரக்கு மதினி."

"மாஸ்க் வேற போட்டிருக்கிறா, அதை நாடியில போட்டிருக்கிறா" என்று சொல்லிவிட்டு அவரும் இருமிக்கொண்டே வெளியே போனார். நானும் சிரித்துச் சிரித்து இருமினேன். மதினியின் இருமல் வாசலோடு நின்றுவிட்டது. என்னுடையது நிற்கவில்லை.

அடுத்த நாள் காலை ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றும் வேனில் புறப்பட்டோம். என் கணவரும் கொழும்பு வரை வந்தார். அவர் எங்கள் பக்கத்துக் கைத்தறிச் சாரன்களைச் சிங்கள ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவர். அவருக்குச் சந்தைச் சிங்களம் தெரியும், எனக்கு அதுவும் தெரியாது. எங்களோடு அதே விமானத்தில் வேலைக்குத் திரும்பிப் போகும் ஓர் இளைஞனும் இருந்தார். அம்பாறை தாண்டுவதற்கு முன்னாலேயே இருமல் என்னைப் பிடித்துக்கொண்டது. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ராத்தா, இது என்ன இருமல்?"

"அது மிளகு வறுத்த. வேற ஒண்டுமில்ல" என்றார் என் கணவர்.

"நானா, எல்லாரும் இப்பிடித்தான் சொல்ற. போன கிழமை ஒராள் ஐஸ்கிரீம் எண்டார். அதுக்கு முந்தி ஒராள் பனி எண்டார். நீங்க மிளகு எண்டுறீங்க."

"அப்ப மணந்து பாருங்க" என்று என் கணவர் பையிலிருந்த சரக்குப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்துவிட்டார். வேன் முழுக்க மணம் ஏறியது. முதலில் இளைஞன் தும்மினார். பிறகு சாரதி வேனை ஓரமாக நிறுத்திவிட்டுத் தும்மினார்.

"எனக்கு நல்லா மணக்குது" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்ப எனக்கு அந்தக் கொரோனா வருத்தம் இல்ல."

அதற்குப் பிறகு வழி நெடுகவும் அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லா யன்னலையும் திறந்துவைத்துத்தான் ஓட்டினார். நான் வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, சோதனைச் சாவடி வரும் இடத்திலெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் தெமட்டகொடைப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். சொந்தக்காரர் வீடு இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் யாருடைய வீட்டுக் கதவையும் தட்டும் நிலை இல்லை.

மறுநாள் பரிசோதனைக்குப் போனோம். விமானம் அதற்கு அடுத்த நாள் மத்தியானம். வரிசையில் எல்லாரும் பயணக்காரர். ஒருவர் மற்றவரைப் பார்க்காமல் பாஸ்போட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் முறை வந்ததும், முழு உடம்பையும் மூடிய உடுப்புப் போட்ட பெண் பிள்ளை முதலில் என் பாஸ்போட் இலக்கத்தைக் கணினியில் பதிந்தாள். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டாள்.

"காய்ச்சல், இருமல் இரிக்கா எண்டு கேக்கா" என்றார் என் கணவர்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டி முடிக்கவில்லை, இருமல் வந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பின்னால் நின்றவர்கள் விலகிப் போன சத்தம் எனக்குக் கேட்டது.

என் கணவர், "கம்மிரிஸ், கம்மிரிஸ்" என்று மிளகைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு, கையால் சட்டியில் வறுக்கிற மாதிரிச் செய்து காட்டினார். அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்க வேண்டும். மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. ஆனால் கை மற்றப் பக்கத்து வாசலைக் காட்டியது. அது நோய்க்குறி உள்ளவர்களுக்கான வாசல். அங்கே எடுத்தால் முடிவு சுணங்கும், பயணத்துக்குரிய சான்றிதழும் தரமாட்டார்கள். இலக்கம் பதிந்துவிட்டதால் அந்த முடிவு வரும்வரை வேறு இடத்திலும் எடுக்க முடியாது. என் கணவர் கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்தார். நான் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க. அவவும் என்ன செய்வா."

மற்ற வாசலில் நீண்ட நேரம் காத்திருந்தோம். அங்கே உண்மையாகவே சுகமில்லாதவர்கள் இருந்தார்கள். ஒரு வயதாளி சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று எனக்கு மிளகு இருமல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலை சாரதி அறைக்கு வந்தார். இளைஞனை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிற வழி. என் முடிவு வரவில்லை. வராது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் உடுத்துக்கொண்டு, பெட்டியைக் கதவடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் கணவர் பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தார்.

"தம்பி, இதையாவது கொண்டு போவீங்களா?"

 இளைஞன் தன் பையிலிருந்து கிருமிநாசினியை எடுத்துப் போத்தலைச் சுற்றித் துடைத்து, இரண்டு பைக்குள் போட்டு முடிந்துகொண்டார். அவர் அந்த நாட்டிலேயே ஊசி போட்டவர், அதனால் அவருக்கு ஹோட்டல் அறையும் இல்லை, நேரே மகளின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

"சரக்குக்கு பிசிஆர் கேக்கமாட்டாங்க, பயப்படாதீங்க" என்றார் சாரதி. யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதைச் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

விமானம் போய் வெகு நேரத்துக்குப் பிறகு, பொழுது பட்டு மஃரிப் தொழுதுவிட்டு இருக்கும்போது என் கணவரின் போனுக்குச் செய்தி வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இல்லையாம்."

"எது இல்ல?"

"கொரோனா."

 இடம் இருக்கும் அடுத்த விமானம் அந்த மாதத்தில் இல்லை என்று மருமகன் முன்னாலேயே பார்த்துச் சொல்லியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. உறக்கம்தான் வந்தது. எத்தனையோ நாள் உறக்கம் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது.

இரவு இஷாவும் தொழுது வெகு நேரம் போய், நடுச்சாமத்துக்குக் கிட்ட மகள் படத்தோடு பேசுகிற அழைப்பு எடுத்தாள். முகம் வீங்கியிருந்தது. 

"உம்மாக்கு இருமல் நிண்டுட்டா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"நிண்டுட்டு" என்றேன். உண்மையாகவே அன்று காலையிலிருந்து நின்றிருந்தது.

"போத்தல் வந்திரிச்சி. மூடியத் திறந்தன். நம்மட குசினி மணம்." அவள் போனை மருமகனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போனில் இப்போது அவருடைய முகம். என் முந்தானை தலையில் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"மாமி, இது கறிக்கு எவ்வளவு போடுற? கரண்டியாலயா?"

"கையால. ஒரு பிடி."

"யார்ட கையால மாமி? உங்கட கையா, என்ட கையா?"

அவர் தன் கையை விரித்துக் காட்டினார். பெரிய கை.

"உங்கட கையெண்டா பாதி போடுங்க" என்றேன். "உள்ளி நிறையப் போடுங்க. சுறா கிடைச்சா நல்லம். புளி சேர்க்காதீங்க. முதல்ல தண்ணியில கரைச்சிட்டுப் போடுங்க, இல்லாட்டி கட்டிபடும்."

"வறுக்கத் தேவையில்லைதானே?"

"வேணாம். நீங்க வறுத்தா உங்களையும் வேலைக்கு எடுக்கமாட்டாங்க."

அவர் சிரித்தார். கட்டிலில் படுத்திருந்த என் கணவர் எழும்பி என்னைப் பார்த்தார். நான் மருமகனோடு இப்படிக் கதைத்து அவரும் கண்டதில்லை. மருமகன் சொன்னதை எல்லாம் ஒரு தரம் திருப்பிச் சொன்னார், பாடம் ஒப்புவிக்கிற மாதிரி. பிழையான இடத்தில் நான் திருத்தினேன். பிறகு, "நான் பக்கத்தில இருப்பன் மாமி, யோசிக்காதீங்க" என்றார். "ஓம்" என்றேன். அழைப்பு நின்ற பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மத்தியான லுஹருக்கு முன்னால் மகளுக்குப் பெண் குழந்தை கிடைத்தது, சொன்ன நாளுக்கு மிகவும் முந்தி. அந்த நேரம் நாங்கள் ஊருக்குத் திரும்பும் வழியில் மகாஓயாவில் தேத்தண்ணிக்கு வேனை நிறுத்தியிருந்தோம். எங்கள் இரண்டு போனிலும் சார்ஜ் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்த பிறகு மதினிதான் சொன்னார்.