கல்குழியில் மூன்று நிமிடம்

கொலை நடந்த நான்காம் நாள் இன்ஸ்பெக்டர் நான் வேலை பார்க்கும் மில்லுக்கே வந்துவிட்டார். ராஜபாளையத்தில் எல்லாருக்கும் அந்தக் கொலை தெரியும். தென்னந்தோப்புக்குப் போகும் வண்டிப்பாதை யாருக்கு என்பதில் ஒரே குடும்பத்துப் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் பல வருடமாக முட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெரியவன் சின்னவனை டீக்கடை வாசலில், பத்துப் பேர் பார்க்க வெட்டினான். தடுத்த கையில் ஒன்று, கழுத்தில் இரண்டு. பிறகு கிருஷ்ணன்கோவிலுக்கு மேற்கே, தண்ணீர் நிறைந்து கிடக்கும் பழைய கல்குவாரியில் அரிவாளை எறிந்துவிட்டுப் போய்ச் சரணடைந்தான்.

“ஃபயர் சர்வீஸ்ல பாதாளக்கரண்டி போட்டுப் பாத்துட்டாங்க தம்பி. அடி ஆழத்துக்கு எட்டலை. நீங்க சிலிண்டர் கட்டி முங்குவீங்களாமே?”

முங்குவேன். ஆறு வருடம் அந்தமானில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வேலையில் இருந்தவன் நான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊர் திரும்பி, மில்லில் கம்ப்ரஸர் பார்க்கச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுத்துக்கொடுப்பேன். தூத்துக்குடிக்குப் போய்ச் சிலிண்டரில் காற்று நிரப்பி வருவேன். பழைய டைவ் கம்ப்யூட்டர் செத்துப்போன பிறகு ஒரு ஸ்மார்ட்வாட்ச்தான் கையில். அதில் ஒரு ஆப் போட்டால் நாற்பது மீட்டர் வரை டைவ் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கும். எவ்வளவு ஆழம், அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலே வரும் வேகம் சரியா என்று காட்டும். காற்று எவ்வளவு மீதி என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதற்குத் தனி மீட்டர்.

மில்லில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது நடந்த தூரத்தை எண்ணுகிற வாட்ச். எனக்கும் முதலில் நம்பிக்கை இல்லை. நாலைந்து கிணறுகளில் முடிச்சுப் போட்ட கயிற்றையும் கூடவே இறக்கிச் சரிபார்த்த பிறகுதான் தைரியம் வந்தது.

மறுநாள் காலை என் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். மனைவியின் அண்ணன், பேண்டேஜ் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். எனக்குக் கயிறு பிடிப்பது எப்போதும் அவர்தான். ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் கிடைத்துவிட்டது, மூன்று என்றால் தூக்கு.

குவாரியின் மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. ஒரு பக்கம் லாரி இறங்கிய சரிவுப்பாதை தண்ணீருக்குள்ளேயே போய் மறைந்தது. இன்ஸ்பெக்டரும் நான்கு போலீஸ்காரர்களும் மேலே ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். மச்சான் மட்டும் என்னோடு தண்ணீர் ஓரத்துக்கு வந்தார்.

“மாப்ள, செத்த நேரம் பாத்துட்டு ஏறி வந்துரும். இல்லேன்னா விட்டுரும். அவிய தேடிக்கிடட்டும்.”

பத்து மீட்டருக்குக் கீழே வெளிச்சம் போய்விட்டது. தண்ணீர் டார்ச்சுக்கு முன்னால் பச்சைக் கஞ்சிபோல நின்றது. இருபத்திரண்டு மீட்டரில் தரை தட்டியது. முழங்கை வரை சேறு. கைதானவன் காட்டிய பாறைக்கு நேர் கீழே, கையாலேயே துழாவினேன். கண்ணாடிச் சில்லு, லாரி டயர், ஏதோ ஒரு விலங்கின் எலும்பு. வாட்ச்சில் இன்னும் பத்து நிமிடம் என்று காட்டியபோது மரக்கைப்பிடி விரலில் தட்டியது. அரிவாள்தான்; துருகூட ஏறவில்லை. வலைப்பையில் போட்டுக் கட்டினேன். இரண்டு முறை கயிற்றை இழுத்தேன்.

பதில் இழுப்பு வரவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். கயிறு முழுக்கத் தளர்ந்து, சுருள் சுருளாக என் தலைமேல் இறங்கியது.

அடுத்து முதல் கல் விழுந்தது. தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது; எல்லாப் பக்கமும் வரும். டம் என்று ஒன்று. பிறகு நாலைந்து. ஒன்று சிலிண்டரில் மோதி, மண்டைக்குள் மணி அடித்ததுபோல் இருந்தது. எனக்கு மூளை வேலை செய்யவில்லை. காலை உதைத்து மேலே பாய்ந்தேன்.

வாட்ச் மணிக்கட்டில் அதிர ஆரம்பித்தது. திரை சிவப்பாக மாறி, மெதுவாகப் போ என்றது. அந்த அதிர்வில்தான் எனக்கு நினைவு வந்தது. அந்தமானில் ஒருவர் பயந்து வேகமாக மேலே வந்ததையும், படகில் இரண்டு கால்களும் உணர்வில்லாமல் கிடந்து அழுததையும் நேரில் பார்த்திருக்கிறேன். உதைப்பதை நிறுத்தினேன். பாறைச் சுவரில் கையை ஊன்றி, திரை மறுபடி பச்சையாகும் வேகத்தில் ஏறினேன். வழியில் ஒரு கல் இடது தோளைக் கிழித்துக்கொண்டு போனது. இன்னொன்று மணிக்கட்டில் பட்டு வாட்ச் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. எண்கள் அப்படியே ஓடின.

ஆழத்தில் உடம்பில் கரைந்த காற்று மெல்ல வெளியேற, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொன்னது வாட்ச். வெடி வைத்த இடத்தில் பாறை உள்வாங்கியிருந்தது. அதற்குள் முதுகைத் திணித்துக்கொண்டேன். மீட்டரில் நாற்பது பார் காற்று இருந்தது, சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு. என் ரத்தம் சிவப்பாகத் தெரியாமல் பச்சைப்புகைபோலப் போய்க்கொண்டிருந்தது. கற்கள் முகத்துக்கு முன்னால் நுரையோடு இறங்கின.

அந்த மூன்று நிமிடத்தில் நான் அமைதியானேன் என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். மேலே மச்சானை என்ன செய்தார்களோ என்று நினைத்தேன். எறிகிறவனின் கழுத்தை நினைத்தேன். ஒரு நிமிடம் மீதி இருக்கும்போது வலைப்பையின் முடிச்சை அவிழ்த்து அரிவாளைக் கையில் எடுத்தேன். போலீஸ்காரர்கள் அதைத் தொடாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தேதான் எடுத்தேன்.

சரிவுப்பாதையில் தலையைத் தூக்கியபோது மச்சான் மண்ணில் முட்டி போட்டிருந்தார். நெற்றி பிளந்து ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. ஒருவன் அவர் முடியைப் பிடித்திருந்தான். கொலைகாரனின் சொந்தக்காரர்கள் இருபது பேர் லோடு ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள். மேலே போலீஸ்காரர்களோடு அடிதடி நடந்துகொண்டிருந்தது; ஜீப் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓரத்தில் கல்லோடு நின்றது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். சேலையை முழங்காலுக்குமேல் சொருகியிருந்தாள். கொலைகாரனின் அம்மா.

மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அரிவாளை ஓங்கினேன். முடியைப் பிடித்தவன் விட்டுவிட்டு ஓடினான். அவள் நகரவில்லை.

“குடுல அதைய! எம்புள்ள சாமான் அது!”

“தள்ளிப் போயிரு. வெட்டிப்புடுவேன்.”

“வெட்டுலே! வெட்டு பாப்போம்!”

அவள் பாய்ந்து அரிவாளின் அலகையே இரண்டு கையாலும் பிடித்தாள். பிடுங்கித் திரும்பத் தண்ணீரில் எறிய நினைத்தாளோ என்னவோ. எங்கள் முகங்கள் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அவள் எங்கே பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் இழுத்தேன். தெரிந்தே, முழுப் பலத்தோடு இழுத்தேன்.

அவள் கைகளைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“மாப்ள, போடும் அதைய! கீழ போடும்!” என்று கத்தியது மச்சான்தான். என் விரல்கள் பிரியவில்லை. அவர் தவழ்ந்து வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

வேறு ஸ்டேஷன்களிலிருந்து வேன் வந்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. மச்சானுக்கு நெற்றியில் பதினொரு தையல். இடது கண்ணில் இன்றைக்கும் எல்லாம் புகையாகத்தான் தெரியும். எனக்குத் தோளில் ஏழு. மதுரையில் அறுவை சிகிச்சை செய்தும் அந்த அம்மாவின் வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டன.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சாட்சி சொன்னேன். அவர்கள் தரப்பு வக்கீல் வாட்ச்சில் பதிவாகியிருந்த ஆழத்தையும் நேரத்தையும் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார்.

“ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் சும்மா நின்றிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்?”

“பையை அவிழ்த்து அருவாளைக் கையில் எடுத்தேன்.”

“எதற்கு?”

“வெட்டுறதுக்கு.”

எங்கள் தரப்பு வக்கீல் முகத்தைத் தொங்கப்போட்டார். அரிவாளில் இரண்டு பேர் ரத்தம் இருந்ததற்கு வேறு எப்படியும் என்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை. டீக்கடைச் சாட்சிகள் பிறழாமல் சொன்னதால் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கல்லெறிந்த வழக்கில் அவளும் இன்னும் ஆறு பேரும் சேர்க்கப்பட்டார்கள். அவள் கைக்காக என்மேல் வழக்கு வரவில்லை. அவள் புகார் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ள, தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளிடம் போனேன். மச்சான் வேண்டாம் என்று சட்டையைப் பிடித்தார். மன்னிப்பும் கேட்க நினைத்திருந்தேன்.

“என்னல பாக்க?” என்றாள்.

“கை எப்படி இருக்கு?”

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு விரல் கம்பிபோல நேராக நின்றன.

“நீ இழுக்கலைன்னா அன்னைக்கு நான் உன்னைய வெட்டிருப்பேன். தல மேல குறி வச்சுத்தான் அம்புட்டுக் கல்லும் போட்டேன். இதுல என்னத்தைப் போயி புகாரு குடுக்க?”

“நான் வேணும்னுதான் இழுத்தேன்.”

“தெரியும். உன் கண்ணப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்.”

போலீஸ் வேனில் மகனை ஏற்றுவதைப் பார்க்க அவள் எழுந்து போனாள்.

இப்போதும் கிணற்றில் மோட்டார் எடுக்கப் போகிறேன். போலீஸ் கூப்பிட்டால் போவதில்லை. வாட்ச்சுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. மச்சான் ஒற்றைக் கண்ணோடு கயிறு பிடிக்கிறார். ஒவ்வொரு முறையும் ஐந்து மீட்டரில் நிற்கும்போது என் கை தானாக இறுகிக்கொள்கிறது. எண் முடிந்து திரை மேலே போகலாம் என்று காட்டிய பிறகும், விரல்கள் பிரியும்வரை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.