எட்டரை மணி பஸ்ஸும் எட்டு வேட்பாளர்களும்

பஹ்ரைனில் எங்கள் தமிழ் அமைப்பில் இரண்டு அணிகள் உண்டு. பதவியில் இருக்கும் அணி, இருக்க ஆசைப்படும் அணி. நான் இரண்டாவதில் இருந்தேன். அந்த வருடம் செயலாளர் பதவிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரை நிறுத்தலாம் என்று முடிவானதும் எட்டுக் கைகள் உயர்ந்தன. விழாவுக்கு நாற்காலி போட ஆள் கூப்பிட்டால் இரண்டு கைகூட உயராது. எட்டில் ஒரு கை என்னுடையது. என் தகுதி, பொங்கல் விழா நாடகத்தில் வருடாவருடம் வில்லன் வேஷம் கட்டுவது. மைக் கெட்டுப்போனால் சரியாகும்வரை ஜோக் சொல்லிக் கூட்டத்தைக் காப்பாற்றுவது இன்னொன்று. இரண்டாவது வேலை எனக்கு அடிக்கடி வாய்த்தது.

எங்கள் அணித் தலைவர் ஓர் இன்ஜினியர், வீடு குடும்பஸ்தர்கள் வசிக்கும் ஈசா டவுனில். அப்போது அமெரிக்காவில் தேர்தல் காலம். ஒரு கட்சிக்குள்ளேயே வேட்பாளர் யார் என்று முடிவுசெய்ய, கோட்டு போட்டவர்களை வரிசையாக நிறுத்தி டிவியில் விவாதம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த தலைவருக்குக் காய்ச்சல் தொற்றிவிட்டது.

“நம்மளும் டிபேட் வெச்சுடலாம்பா. டிவில காட்டிடலாம்” என்றார்.

டிவி என்று அவர் சொன்னது இதுதான்: எங்கள் ஹால் சிறியது. குடும்பங்கள் பின்பக்கத்து பேட்மின்டன் ஷெட்டில், சாப்பாட்டுக்குப் பக்கமாக உட்கார்ந்துகொள்ளும். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரின் கேமராவிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு வயர் போகும். ஷெட்டில் இருக்கும் டிவியில் படம் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் முகம் தெரிந்தால் டிவிதானே.

சிக்கல் மைக்கில் வந்தது. மொத்தம் நான்குதான். ஆகவே இரண்டு சுற்று, சுற்றுக்கு நான்கு பேர். முதல் சுற்று ஏழு மணிக்கு, இரண்டாவது சாப்பாட்டுக்குப் பிறகு எட்டரைக்கு. யார் எதில்?

“ஆதரவு ஜாஸ்தி இருக்கற நாலு பேர் ஒரு சுத்து. மத்தவா இன்னொரு சுத்து” என்றார் தலைவர். ‘மத்தவா’ என்னும்போது அவர் பார்வை என்மேல் வந்து இறங்கியது.

“அப்ப நாங்க என்ன சார், சைடு டிஷ்ஷா?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு தலைவரின் யோசனை அடிபட்டுப்போனது. குலுக்கிப் போடலாம் என்றார் ஒருவர். பிரபலமான நால்வரும் ஒரே சுற்றில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றார் இன்னொருவர். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. இரண்டு பால் பவுடர் டின் கொண்டுவரச் சொன்னேன். தெரிந்த முகங்கள் ஒரு டின்னில், தெரியாத முகங்கள் இன்னொன்றில். ஒவ்வொரு டின்னிலிருந்தும் இரண்டு பேர் முதல் சுற்றுக்கு, இரண்டு பேர் அடுத்ததற்கு. இதைவிட நியாயம் பூமியில் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டேன். ‘தெரியாத முகங்கள்’ டின்னில் என் பெயரைப் போடும்வரை.

“என்ன சார், வருஷா வருஷம் மேடையில நிக்கறேன்.”

“மீசையும் மருவுமா பாத்துப் பழகிட்டாங்கப்பா. உன் சொந்த மூஞ்சி யாருக்குத் தெரியும்?”

வீடியோ நண்பருக்கு ஓட்டு இல்லை என்பதால் அவரே சீட்டை எடுத்தார். எனக்கு முதல் சுற்று. என் டின்னில் இருந்த இன்னொருவர், புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்டீல் ஃபோர்மேன், இரண்டாவது சுற்றில் விழுந்தார். கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருப்பவர் எங்கள் எட்டுப் பேரில் அவர் ஒருவர்தான்.

அவர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, எட்டரைக்கு எங்க பஸ்ஸு கெளம்பிரும்.”

அவருடைய வாக்குறுதி ஒன்றே ஒன்று: எந்த விழாவும் கேம்ப் பஸ் கிளம்புவதற்கு முன்னால் முடிய வேண்டும். கேம்ப் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் ஆறு மணிக்கே வந்து உட்காருவார்கள். ஈசா டவுன் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை விடுமுறைத் தூக்கம் தெளிந்து, டீ குடித்து, எட்டுக்கு வரும். அவர்களுக்காக எல்லாம் தாமதமாகும். எட்டரைக்கு பாகிஸ்தான்காரப் பட்டாண் டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிடுவார்.

“பஸ்ஸு போயிருதுன்னு சொல்லத்தான் நான் நிக்கிறேன். நான் அதைச் சொல்ல வாயத் தொறக்கையில பஸ்ஸு போயிருக்கும். நல்லாருக்கு தம்பி ஒங்க டின்னு.”

“அண்ணே, டின்னுக்கு யார் மேலயும் வஞ்சம் இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே டின்.”

“டின்னு ஒண்ணுதான். நீங்க கார்ல வாரீகளே.”

நாங்கள் இருவரும் சுற்றை மாற்றிக்கொள்கிறோம் என்று தலைவரிடம் சொன்னேன். ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள், குலுக்கினால் குலுக்கினதுதான் என்றார். கொஞ்சம் தாமதிக்க முடியுமா என்று டிரைவரிடம் ஃபோர்மேனே போய்க் கேட்டார். “சாடே ஆட், கலாஸ்” என்று பதில் வந்தது. எட்டரை என்றால் எட்டரை, பேச்சு முடிந்தது.

விவாதம் நடந்த வெள்ளிக்கிழமை, முதல் சுற்றில் ஹால் நிறையக் கேம்ப் ஆட்கள். ஷெட்டில் டிவிக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. என் முறை வந்தது. ஒரு ஜோக் சொன்னேன். அமைதி. இன்னொன்று. அதைவிட அமைதி. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“தங்கச்சி நகையத் திருடித் தின்னவன்தானய்யா நீ?”

என் சொந்த மூஞ்சியை அடையாளம் கண்டுகொண்டார்களே என்று முதலில் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

“அது நாடகங்க. கடைசி சீன்ல திருந்தி, நகையத் திருப்பிக் குடுத்து, கால்ல விழுந்து அழுவேனே.”

“எப்ப?”

“ஒம்போது மணி வாக்குல.”

“நாங்க எட்டரைக்குப் போயிருவம்.”

“அப்ப நீ திருந்துனதுக்கு என்ன சாட்சி?” என்றது இன்னொரு குரல். ஹால் குலுங்கியது. அன்று விழுந்த முதல் சிரிப்பு, என்னுடையதல்ல.

எத்தனை பொங்கலுக்கு நான் மனமுருகித் திருந்தியிருக்கிறேன். இவர்கள் கணக்கில் ஒவ்வொரு வருடமும் நகையோடு தப்பித்துப் போயிருக்கிறேன். கேம்ப் பக்கம் போனால் யாரும் டீக்குக் கூப்பிடாத காரணம் அப்போதுதான் விளங்கியது.

என் நேரம் முடிந்து மணி அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. மைக்கைப் பிடித்தேன். “ஐயா, நான் நல்லவன்னு நீங்க பாக்கணும்னா நாடகம் எட்டரைக்குள்ள முடியணும். அது ஃபோர்மேன் அண்ணன் ஜெயிச்சாத்தான் நடக்கும். என் மானத்துக்காகவாவது அவருக்குப் போடுங்க.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “இது டிபேட்பா” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

எட்டரைக்கு பஸ் ஹாரன் அடித்தது. பாதிப் பிரியாணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். ஃபோர்மேன் மட்டும் நின்றார். அவரைப் பிறகு என் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. இரண்டாவது சுற்று தொடங்கியபோது ஷெட்டில் குடும்பங்கள் தட்டோடு டிவிக்கு முன்னால். ஹாலில் தலைவர், நான், நாற்காலிகள்.

ஃபோர்மேன் பேச எழுந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு வீடியோ நண்பரிடம், “கேமராவ என்னையப் பாத்து வைக்காதிய. அங்கிட்டுத் திருப்புங்க” என்றார்.

கேமரா மெதுவாகக் காலி நாற்காலிகள்மேல் போயிற்று. கேசரி ஒட்டிய காகிதத் தட்டுகள், யாரோ மறந்துவிட்ட ஒரு தொப்பி.

“இங்கன இருந்தவுக யாரும் பாதியில எந்திரிச்சுப் போகலைங்க. பஸ்ஸு கூட்டிட்டுப் போயிருச்சு. அஞ்சு வருசமா இப்படித்தான். எந்த நாடகத்துக்கும் எங்களுக்கு முடிவு தெரியாது.”

ஷெட்டில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

“இந்தத் தம்பி கடைசில திருந்துறேன்னு சத்தியம் பண்ணுது. பாத்தவுக யாராச்சும் சொல்லுங்க. கேம்ப்ல போயிச் சொல்லணும்.”

ஜன்னல் வழியாக ஒரு பெண் குரல் வந்தது. “திருந்தினார். ஆனா அழுகை சரியில்ல.”

என் மனைவி.

அடுத்த வாரம் எங்கள் அணி ஃபோர்மேனைத்தான் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. பொதுத் தேர்தலில் வழக்கம்போல் தோற்றோம். ஜெயித்த அணி அவருடைய வாக்குறுதியைத் தங்களுடையதாக அறிவித்து, கூச்சமே இல்லாமல் நிறைவேற்றியது.

அடுத்த பொங்கலுக்கு நாடகம் சீக்கிரமே தொடங்கியது. ஹால் நிறையக் கேம்ப் ஆட்கள், ஃபோர்மேன் முன்வரிசையில். எட்டேகாலுக்கு நான் நகை மூட்டையைத் தங்கச்சி காலடியில் வைத்து விழுந்தேன். மனைவி சொன்னது ஞாபகம் இருந்ததால் கூடுதலாகவே அழுதேன். வெளியே பஸ் இன்ஜின் சத்தம் இன்னும் கேட்கவில்லை. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து அதே குரல்:

“எண்ணிப் பாத்து வாங்கும்மா. பாதியத்தான் குடுத்திருப்பான்.”