ஹ்ரபோவ்காவில் தொப்பிக்கு என்ன பேர்

பேருந்திலிருந்து இறங்கும்போதே மெலானியாவின் முழங்கால் முனகத் தொடங்கிவிட்டது. கிழக்கு ஸ்லோவாக்கியாவின் மலைக் கிராமங்களில் ஏறி இறங்கி, எந்த ஊரில் எந்தப் பொருளுக்கு என்ன பேர் என்று எழுதிக்கொண்டு போவதுதான் முப்பத்தொரு வருடமாக அவள் பிழைப்பு. கூரை, கலப்பை, மண்வெட்டி எல்லாம் முடிந்தாயிற்று. பாக்கி தொப்பி ஒன்றுதான். அதிலும் ஒரே ஓர் ஊர். இந்த மாதக் கடைசியில் வரைபடம் அச்சுக்குப் போகிறது. அத்தோடு அவளும் ஓய்வு பெறுகிறாள்.

தெற்கே ஹங்கேரிக்காரர்களோடு பழகிப் பழகிக் 'கலாப்' என்றார்கள். மேற்கே 'குளோபூக்', அது குதிரையில் வந்த துருக்கியக் கூட்டங்கள் விட்டுப்போன சொல்லாம். வடக்கே 'கபெலூஷ்', இத்தாலியில் பிறந்து, போலந்து வழியாக மலையேறி வந்தது என்பார்கள். மூன்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஹ்ரபோவ்கா மட்டும் வரைபடத்தில் சொல் இல்லாத வெள்ளை வட்டமாக நின்றது.

தாய் தகப்பன் இருவரும் அதே ஊர்க்காரர்களாக இருப்பவர் சொல்வதுதான் கணக்கில் சேரும். அப்படி மிச்சமிருந்தவர் மித்ரோ ஒருவர்தான். எண்பத்திரண்டு வயது. இன்னொரு விதியும் உண்டு: அந்தச் சொல்லை யாரும் அவருக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது. தானாக வர வேண்டும்.

உறைபனியில் வெறுந்தலையோடு விறகு பிளந்துகொண்டிருந்தார் மித்ரோ. திடமான மனிதர் என்று நினைத்துக்கொண்டாள் மெலானியா. உள்ளே போனதும் மாதா படத்துக்கு முன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, நோட்டை விரித்தாள்.

"மாமா, வெளியே கிளம்புறப்ப ஆம்பளைங்க தலையில வைக்கிறது இருக்கே, சுத்தி விளிம்பு வச்சது. அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

அவர் கை மெல்லத் தலைக்குப் போய்த் திரும்பியது. சுவரில் ஓர் ஆணியைப் பார்த்தார். அதில் ஒரு கறுப்புத் தொப்பி தொங்கியது.

ரசப்பானையோடு உள்ளே வந்தாள் பக்கத்து வீட்டுப் பரஸ்கா. தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

"என்னம்மா கேக்குறே?"

மெலானியா சொன்னாள்.

"நல்லாக் கேட்டே போ. தெக்லா அக்காவைப் புதைச்சு ஒன்பது நாள்தான் ஆகுது. பொண்டாட்டி போனா நாப்பது நாள் தலையில எதுவும் வைக்க மாட்டாங்கன்னு தெரியாதா உனக்கு? இந்தக் குளிர்ல மனுஷன் காது கழண்டு விழப்போகுது. கலாப்புன்னு சொல்லி அனுப்பும் மாமா, ரசம் ஆறுது."

வெறுந்தலையைப் பார்த்ததுமே மெலானியாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். எத்தனை துக்க வீடுகளைப் பார்த்தவள் அவள்.

"ஆமா, கலாப்புதான்," என்றார் மித்ரோ. இன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவார் போலிருந்தது.

பென்சில் தாளின் மேல் நின்றது. எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அது பரஸ்காவின் பிறந்த ஊர்ச் சொல். இன்னும் கொஞ்சம் தோண்டினால் அவருடையது வந்தாலும் வரும்.

"மாமா, உங்க அப்பா காலத்துல..." என்று தொடங்கினாள்.

அவர் மறுபடி ஆணியைப் பார்த்தார். "அவதாம்மா பிரஷ் போட்டு மாட்டுவா," என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ கேக்க வந்தது கிடைச்சுதா?"

"கிடைச்சுது மாமா."

நோட்டை மூடிப் பையில் வைத்தாள். தெக்லாவின் ஆத்துமாவுக்காக மாதா முன் மூவரும் ஜெபம் சொன்னார்கள். பரஸ்கா அவளுக்கும் ஒரு கிண்ணம் ரசம் ஊற்றினாள். புளித்த முட்டைக்கோஸ் ரசம். சுடச்சுடத் தொண்டையில் இறங்கியது.

மறுநாள் அலுவலகத்தில் அச்சுக்கு அனுப்ப வரைபடத்தை வாங்கிக்கொண்ட ஊழியர், "இங்க ஒண்ணு விட்டுப்போச்சே அம்மா?" என்று வெள்ளை வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"விட்டுப்போகல. அது அப்படியே இருக்கட்டும்," என்றாள் மெலானியா. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.