காதுக்குக் கீழே ஓர் ஊசி

மனித மண்டையோட்டில் தமக்குத் தெரியாத மூலைமுடுக்கே இல்லை என்று பேராசிரியர் மேடையேறி முழங்கியவர். சொந்த மூக்குக்கண்ணாடி எங்கே கிடக்கிறதென்று மட்டும் தெரியாது. அதை மனைவிதான் தேடிக் கொடுப்பார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இனிச் சொல்வது கட்டுக்கதை இல்லை. மகளும் கூடவே இருந்து கேட்டாள்.

பேராசிரியரின் ராஜ்யம் ஒரே ஓர் எலும்பு. காதுக்குக் கீழே, மண்டையோட்டிலிருந்து ஊசிபோல் தொங்குவது. சிலருக்குக் கட்டை. சிலருக்கு ஒரு பக்கம் இருக்கவே இருக்காது. சிலருக்கு நீண்டு வளர்ந்து, விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் குத்தும். அந்த ஊசி வாங்கிக் கொடுத்த கேடயங்களுக்கு வீட்டில் அலமாரி போதவில்லை.

அன்று பிற்பகல், மறுநாள் சொற்பொழிவுக்கு ஒத்திகை. சுவரில் ஓர் எக்ஸ்ரே படம். பல் டாக்டர் ஒருவர் நோயாளியின் பெயர் போடாமல் அனுப்பியது.

"இவ்வளவு நீளத்தை உலகம் பார்த்ததில்லை! வாய்க்குள் விரல் விட்டுத் தொட்டாலே தெரிந்துவிடும்..."

க்க்ம்.

அடுக்களையில் யாரோ செருமினார்கள்.

"நீயாம்மா?"

"நான் இங்கதானே இருக்கேன்ப்பா."

மகளின் முகம் வெளுத்திருந்தது. அந்தச் செருமலை இருவருக்கும் தெரியும். "என்னமோ குத்துதுங்க" என்று அம்மா வருஷக்கணக்காகச் செருமியது. "உனக்கு வேற வேலையில்ல" என்று அப்பா கதவைச் சாத்திக்கொண்டது.

க்க்ம்... க்க்ம்...

இப்போது கூடத்தில்.

மேசைமேல் ஒரு டம்ளர் வெந்நீர். ஆவி பறந்தது.

"நீ வச்சியா?"

"இல்ல. நீங்க?"

"எனக்கு அடுப்பே பத்தவைக்கத் தெரியாதேம்மா."

டம்ளரில் நீர் குறைந்தது. ஒரு மிடறு. நின்றது.

விழுங்க முடியவில்லை... யாருக்கோ.

"ரொம்ப... வலிக்குதா?"

கேட்டுவிட்டார். முதன்முறையாக.



வெந்நீர் ஆறியது.

மகளுக்கு ஏதோ உறைத்தது. மறுநாள் காலை படத்தோடு பல் டாக்டரிடம் போய் நின்றாள். அவர் கம்ப்யூட்டரில் தேடி, திரையை அவள் பக்கம் திருப்பினார். அம்மாவின் பெயர்.

"கடைவாய்ப் பல் பிடுங்க வந்தாங்க. பாவம், தண்ணி குடிக்கவே கஷ்டப்பட்டாங்க. இப்ப வலி தேவலையா?"

அவள் வீடு திரும்பிச் சொன்னாள். பேராசிரியர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

'வாயைத் திற, பார்க்கலாம்' என்று மனைவியிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மூடச் சொல்லியிருக்கிறார்.