வியாழக்கிழமை செக்கிங்

"நான் ஒண்ணும் அவளை வேவு பார்க்கலை," என்றார் கண்டக்டர். யாரும் கேட்கவில்லை. பேத்தியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். மகள் மனநல ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வாயால் சொல்ல முடியாததை வரைந்து காட்டுகிறவர்களோடு கூட உட்காருவதுதான் அவள் வேலை. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. பெயிண்ட், களிமண், ஒரு நீள மேஜை. ஓவிய சிகிச்சை என்பாள். கண்டக்டர் அதை ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டார். அவருக்கு ஒத்துவராதது வியாழக்கிழமைதான்.

பிள்ளை பெற்று ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பியதிலிருந்து, வியாழன்தோறும் பெரிய கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு, மருந்துக்கடை மாடியில் ஓர் அறைக்குப் போகிறாள். கேட்டதற்கு, "சூப்பர்விஷன்" என்றாள். அவர் கண்ட மேற்பார்வை ஒன்றே ஒன்று: நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறும் செக்கிங். வருடத்துக்கு இரண்டு தடவை வந்தாலே டிக்கெட்டையும் காசையும் நாலு தடவை எண்ணிப் பார்ப்பார். வாரம் தவறாமல் என்றால்? நெருப்பில்லாமல் புகையுமா?

பால்குடி மறக்காத பிள்ளை என்பதால் அவரும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கூடப் போய் வெளி பெஞ்சில் உட்காருவார். குழந்தை அவர் மூக்கைத் திருகிவிட்டுப் பொக்கை வாயால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு முப்பது வருட சர்வீஸையும் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் காது மட்டும் கதவிலேயே இருக்கும். சூப்பர்வைசர் என்பவள் மகளைவிட நாலு வயது சின்னவள், சைக்கிளில் வருகிறவள். உள்ளே காகிதம் விரிக்கும் சத்தம் கேட்கும். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்காது. ஒரு தடவை மகள் சிவந்த கண்ணோடு வெளியே வந்தாள்.

போன புதன்கிழமை கூடத்தில் அந்தப் பையை நகர்த்தியபோது ஒரு தாள் நழுவி விழுந்தது. கரியால் வரைந்த தொட்டில். உள்ளே குழந்தை இல்லை, நிறையக் கல். கீழே மகளின் கையெழுத்து. பிள்ளை பெற்றவளுக்குச் சில சமயம் மனசு பேதலிக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் பேத்தியை மகளிடம் தனியாக விடவில்லை. குளிப்பாட்டும்போதும் துண்டோடு கதவோரம் நின்றார். ஏன்பா காவல் என்று அவள் கேட்டதற்கு, துண்டுக்குத்தான் என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் மாடியில், கதவு திறக்கும் முன் அவள் பையைக் கொட்டித் தேடினாள். ஒன்றுக்கு மூன்று தடவை. முகம் வெளிறிப்போனதும் கண்டக்டருக்குத் தாங்கவில்லை. தாளை நீட்டினார்.

"இதைக் காட்டினா வேலை போயிடும்மா. உனக்கு என்ன பண்ணுதுன்னு எங்கிட்ட சொல்லு."

அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மடிப்பை நீவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது நம்ம தொட்டில் இல்லப்பா. எங்கிட்ட ஒரு அம்மா வராங்க, யாருன்னு கேட்காதீங்க. அவங்க போனப்புறம் எனக்கு எப்படி இருந்துச்சோ, அதைத்தான் வரைஞ்சேன். அவங்க வலி எது, என் பயம் எதுன்னு சில நாள் எனக்கே பிரிபடலை. இங்க வந்து இறக்கி வைக்கலைன்னா, வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துருவேன்."

"அந்த சைக்கிள் பொண்ணு உன்மேல ரிப்போர்ட் எழுத மாட்டாளா?"

"தப்பு பண்ணினா சொல்வாங்க. பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கத்தான் நான் வரேன்."

தானே வலியப் போய் செக்கிங் கேட்கும் கண்டக்டரை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. பிறகு பேத்தியை அவராகவே மகள் மடியில் வைத்துவிட்டு, படிக்கட்டு வரை நடந்து போய்த் தெருவைப் பார்த்து நின்றார். முந்தின நாளிலிருந்து பேத்தியை மகளிடம் அவர் தனியாக விட்டது அதுதான் முதல் தடவை. பால் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

காது என்னவோ மறுபடியும் கதவுக்குத்தான் போனது.

இன்று மறுபடி வியாழன். காலையில் கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற மகள், அவர் முன்னால் கையை நீட்டிச் சொன்னாள்:

"சட்டைப்பையைக் காட்டுங்கப்பா. செக்கிங்."