அட்டையின் பின்பக்கம்

1998 மார்ச்சில் சந்திரகலாவுக்கு முப்பத்து மூன்று வயது நிறைந்தது. பண்டமாரானிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, கிள்ளானில் கொமுட்டர் ரயிலுக்கு மாறி, ஒன்பது மணிக்குள் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் மாடிக்கு வந்துவிடுவாள். அங்கே சபாபதி நடத்திய திருமணத் தகவல் நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாக அவள் தட்டச்சர். கம்ப்யூட்டர் வந்தபின் அதற்கும் அவளே பொறுப்பு.

நிலையத்தில் ஒவ்வொரு வரனுக்கும் ஓர் அட்டை உண்டு. முன்பக்கம் மையால் எழுதியது: பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை, பெற்றோர். பின்பக்கத்தில் சபாபதி மட்டும் பென்சிலால் எழுதுவார். பெண் வீட்டார் குரலைத் தாழ்த்திச் சொல்வது அங்கே போகும். பொருத்தம் கூடி, பெண் பார்த்து, இரு வீடும் சரி என்ற பிறகு, பரிசத்துக்கு முன்பாக மாப்பிள்ளையின் தாயைத் தனியே அழைத்து அதை வாசித்துக் காட்டுவார். வேறு எவருக்கும் வாசித்ததில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சு அடிச்சுக்கிறதுக்கு, முன்னாடியே தெரிஞ்சு முடிவு பண்ணட்டும்" என்பார். அந்த அளவில் நாணயமான மனிதர்தான்.

முந்தைய ஆண்டு, இருந்த 1,146 அட்டைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை சந்திரகலாவிடம் வந்தது. "ஒண்ணையும் விடாதே" என்றார் சபாபதி. அவள் விடவில்லை. முன்பக்கத்துக்குப் பதினான்கு கட்டங்கள் வைத்தாள். பின்பக்கத்துக்குப் பதினைந்தாவதாக ஒன்று.

412ஆம் அட்டை அவளுடையது. முன்பக்கத்தில், 'தாயார்: காலமானார்.' பின்பக்கத்தில், 'தாயார் லெட்சுமி உயிரோடு. சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு. குணமானவர். அங்கேயே தங்கிவிட்டார்.' பண்டமாரானில் இதை அறிந்தவர் அவளை வளர்த்த சித்தப்பா ரெங்கசாமி ஒருவரே. மாதத்தின் முதல் சனிக்கிழமை அவள் தாயைப் பார்க்கப் போய்வருவது கோயிலுக்கு என்றே அக்கம்பக்கம் நம்பியது. அந்த அட்டையைப் புரட்டாமலே அவள் அடுத்ததற்குப் போயிருக்கலாம், கேட்பதற்கு ஆளில்லை. ஊரார் பெண்களின் மறைவையெல்லாம் தட்டிய விரல் தன்னுடையதை மட்டும் தாண்டிப் போவது யோக்கியமில்லை என்று அவளுக்குப் பட்டது. புரட்டித் தட்டினாள்.

மூன்று சம்பந்தங்கள் அந்தப் பின்பக்கத்தோடு முறிந்திருந்தன. நான்காவது, கிள்ளானில் லோரி நிறுவனமொன்றில் மேற்பார்வையாளராக இருந்த விஜயன். அவன் தாய் புஷ்பவல்லிக்கு வாசித்துக் காட்டிய அன்று சபாபதி வியப்போடு வந்து சொன்னார்: "அந்தம்மா தலையை மட்டும் ஆட்டுனாங்க. அப்புறம், பரிசத்துக்குத் தேதி குறிங்கன்னுட்டாங்க." அன்றிலிருந்து சந்திரகலா புஷ்பவல்லியை அத்தை என்று அழைத்தாள். பரிசம் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் குறிக்கப்பட்டது.

அதற்கு முந்தைய வியாழனன்று கண்ணப்பன் வந்தான். பெட்டாலிங் ஜெயாவில் இணையப் பக்கங்கள் அமைத்துக் கொடுப்பவன். நிலையத்துக்கு ஓர் இணையப் பக்கம் போட, அட்டைகள் ஏறிய டிஸ்கெட்டைச் சபாபதி அவனிடம் கொடுத்து ஒரு மாதமாகியிருந்தது, சந்திரகலாவிடம் சொல்லவில்லை. அச்சடித்த தாள்களை அவன் மேசைமேல் பரப்பினான்.

"பாருங்க அண்ணே. ரெண்டு வாரத்துல மூவாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருக்காங்க. சிங்கப்பூர்லேர்ந்துகூட."

சந்திரகலா ஒரு தாளை எடுத்துக் கட்டங்களை விரல் வைத்து எண்ணினாள். பதினைந்து இருந்தன.

"கடைசிக் கட்டம் ஆபீசுக்கு மட்டும்தானே, தம்பி?"

"டிஸ்கெட்ல இருந்துச்சு அக்கா, போட்டேன். எது உள்ள, எது வெளியன்னு யாரும் சொல்லலையே."

அவள் சபாபதியிடம் திரும்பினாள். "அண்ணே, எடுக்கச் சொல்லுங்க. அது நான் உங்ககிட்ட நம்பிச் சொன்னது."

"சொன்னது நீ, எழுதுனது நான். தட்டுனது யாரு?" சபாபதியின் முகம் வெளிறியிருந்தது, குரல் மட்டும் ஏறியது. "எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தீங்க. அட்டை நிலையத்தோடது லா."

"அப்ப அந்த இணையப் பக்கத்தையே மூடிடலாம்."

"மூவாயிரம் பேர் வர்ற கடையை மூடச் சொல்றியா?"

கண்ணப்பன் இடையில் புகுந்தான். "அந்தக் கடைசிக் கட்டத்தை முழுசா எடுக்கணும்னா, நான் திரும்ப எல்லாத்தையும் அமைக்கணும். பத்து நாள் ஆகும். ஒரு ஆளோட வரி மட்டும்னா இப்பவே எடுத்துடலாம். போன் லைன் கொடுங்க."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். மற்ற அட்டைகளின் எண்கள் அப்போது அவள் நினைவில் இல்லை என்று சொல்வதற்கில்லை. தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம்.

"என் வரியை எடுங்க" என்றாள். "நானூத்திப் பன்னெண்டு."

மோடம் கீச்சிட்டுப் பிடித்தது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிறு காலை ரெங்கசாமி வாசலில் நாற்காலிகளைப் போட்டு முடிக்கும்போது ஒரு டாக்சி வந்து நின்றது. புஷ்பவல்லி மட்டும் இறங்கினார். தட்டுகள் இல்லை, உடன் எவருமில்லை.

"வாங்க அத்தே."

"ஆன்டின்னே கூப்பிடும்மா."

உட்காராமல், கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தார். "எங்கண்ணன் மகன் கிள்ளான்ல சைபர் கஃபேக்குப் போனவன், போன வாரம் விளையாட்டா எடுத்திருக்கான். எங்க சொந்தத்துல பன்னெண்டு வீட்டுக்குப் போயிருச்சு."

"உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

"தெரியும். தெரிஞ்சுதான் தேதி கேட்டேன். உங்கம்மா மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, பாவம். எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா நான் பெரிய மனசுக்காரி. ஊருக்கே தெரிஞ்சா என் மகன் இளிச்சவாயன்."

"நான் எடுக்க வச்சிட்டேன் ஆன்டி. இப்ப அதுல இல்ல."

"இந்தா, என் கையில இருக்கே."

புஷ்பவல்லி தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். சந்திரகலா கையை நீட்டினாள். "அதையாவது கொடுத்துட்டுப் போங்க."

"எங்க மூத்தார் வீட்டுல இன்னும் பார்க்கலம்மா. காட்டாட்டி, பொண்ணு மேல குறை இல்லாம நாங்களா வேணாம்னுட்டோம்னு நினைப்பாங்க."

டாக்சி காத்துக்கொண்டுதான் இருந்தது.

திங்களன்று அவள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். வீட்டிலிருந்தால் விசாரிக்க வருவார்கள். பத்தரை மணிக்குப் பக்கிரிசாமி படியேறி வந்தார். செந்தூலில் ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர்; 413ஆம் அட்டைப் பெண்ணின் தகப்பன். அந்தப் பெண் பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு நாள் கழித்துத் திரும்பியவள். மாடிப்படியில் அவர் குரல் கேட்டதுமே சபாபதி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"யாரும்மா இதைத் தட்டுனது?" அவர் கையிலும் ஒரு தாள் இருந்தது.

"நான்தான் அங்கிள்."

"என் வீட்டுக்காரி எங்கிட்டகூட இதை வாய்விட்டுப் பேசுனதில்ல. உங்க முதலாளி ஒருத்தர்கிட்டதான் சொன்னோம். இப்ப ஃபேக்டரியில என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. 'பதினோரு நாள் வருது பாரு'ங்கிறானுங்க."

சந்திரகலாவிடம் ஒரே ஒரு பதில்தான் மிச்சமிருந்தது. "எல்லா அட்டையும் தட்டச் சொன்னாங்க, அங்கிள். நான் யாரோடதையும் ஒளிக்கல. என்னோடதையும் சேர்த்துத்தான் தட்டுனேன்."

"அப்படியா? என்ன நம்பர்?"

"நானூத்திப் பன்னெண்டு."

பக்கிரிசாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரல் தாளில் மெல்ல இறங்கியது. "இது நேத்து சாயங்காலம் எடுத்த தாள். நானூத்திப் பத்து. நானூத்திப் பதினொண்ணு. அதுக்கடுத்து என் மக." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உன்னோடது எங்கேம்மா?"

எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவசரமில்லாமல் பதிலுக்குக் காத்திருந்தார்.